நீர்வழியும் இருப்புவழியும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் பெருவழியில் அரியாங்குப்பத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் நோணாங்குப்பம் என்னும் ஊரை அடையலாம். அவ்வூரை ஒட்டிச் சுண்ணாம்பாறு கடலை நோக்கி ஓடுகின்றது. பாலத்தின்மேல் நின்று நோக்குவார்க்கு அகன்ற நீர்ப்பரப்பும் அதன்மீது மிதக்கும் படகுகளும் காட்சி தரும். இரயில் வண்டியை மட்டும் அங்குக் காண்டல் இயலாது. அதில் ஏற விரும்பும் நோணாங்குப்பத்தார் வடக்கே புதுவை நிலையத்திற்குச் செல்லல் வேண்டும். அந்நிலையத்தினின்று புறப்படும் இருப்புப்பாதையோ, கடற்கரையைத் தொடர்ந்து தெற்கே வாராமல், மேற்கே திரும்பி, வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் ஆகிய ஊர்களின் வழியாக விழுப்புரத்தை அடைகின்றது.

அப்பாதை 1879ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. தென்னாட்டில் இருப்புப்பாதைகள் விரைந்து பரவிய காலம் அது. அதே காலத்தில், வறுமையுற்ற ஒரு நாட்டிற்கு முதற்கண் வேண்டுவது நீர்வழியா, இருப்புவழியா என்னும் வழக்கும் அறிஞரிடையே மூண்டு நின்றது. அவ்வழக்கில் நீர்வழியின் பக்கம் நின்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாதாடியவர் ஒருவர். அவர் புதுவையிற் பணி புரிந்தவரல்லர். ஆயினும் அவர் வரலாற்றை அறிந்தாலன்றிப் புதுவைக்கு இருப்புப்பாதை வந்த காலத்தின் இயல்பை நாம் செவ்வனே அறிதல் அரிது. அவர்தாம் சர் ஆர்தர் காட்டன் என்னும் பொறிவல்லுநர்.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். மக்கள் பலரைப் பெற்ற குடும்பம் அவருடையது. அவர் தம் தந்தைக்குப் பத்தாம் புதல்வர். செல்வக் குடியிற் பிறந்தும், பின்பிறந்தார்க்கு உரிமை மிகுதியும் இன்மையால், தம் கைத்திறனையே நம்பி வாழவேண்டிய நிலையினர் ஆயினார். கிழக்கிந்தியக் கும்பினியார் தம் படைப்பொறியாளரைப் பயிற்றுதற்கு அடிஸ்கோம்பு என்னும் இடத்தில் ஒரு கல்லூரி நடத்தி வந்தனர். பதினைந்தாம் வயதில் அங்குச் சேர்ந்து கற்றுத் தேறிய காட்டன், 1821இல் சென்னைக்கு வந்து கரை இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

முதற்கண் அவருக்குக் கிடைத்த பணிகளுள் ஒன்று, பாம்பன் கடற்கால்வாயை அளந்து ஆராய்தல். அதன்பின் பர்மியப் போருக்குச் சென்று, 1826இல் அது முடியுங்காறும் அங்கு இருந்தார். இவற்றையெல்லாம் விரித்துரைத்தல் வேண்டா. அவர் பெயரை நிலைநிறுத்திய பணி 1828இல் காவிரிக்கரையில் தொடங்கிற்று.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயராலேயே தஞ்சை நாட்டை வளப்படுத்தும். வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெற்றுக் கடலிற் கலக்கும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் மிகுதி. ஆகவே வெள்ளம் வருந்தோறும் நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கி, அதன் படுகையை மேலும் அரித்துத் தாழ்த்தியது. காவிரியின் தலைப்பிலோ மணல் மேடிட்டது. இவ்வாறே விடப்படின், ஒருநாள் காவிரி முற்றும் வறண்டு, தஞ்சை வயல்கள் தரிசாகிவிடும் என்று உழவர் அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று, வாய்க்கால் கடைமடையில் ஆண்டுதோறும் விளைவு குன்றி வந்தது.

இந்நோயை ஆராய வந்த காட்டன், மருந்தைத் தேடிப் பிறநாட்டு நூல்களைப் புரட்டினார் அல்லர். திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, கரிகாற் சோழன் கட்டியதாக வழங்கும் கல்லணையின் அடியில் சென்று நின்றார். ஆழ்ந்த மணற்படுகையில் ஒரு கட்டடம் பாறையடி இல்லாமல் நூற்றாண்டு பலவாக எங்ஙனம் நிற்கின்றது என்பதே அவரை வியப்பிலாழ்த்திய செய்தி. பெருங்கற்களை மணலில் இட்டால் அவை அடியில் மணல் அரிக்க அரிக்கத் தாழ்ந்து, இனித் தாழ இயலாத ஓர் ஆழத்தில் நிலைபெறும். அவற்றின்மேல் மேலும் கல்லிட்டுக் களிமண்ணாற் பிணித்து உயர்த்தினால் அணை நிற்கும். இந்நுட்பத்தை இந்நாட்டுப் பழங்கட்டடத்தினின்றே தாம் கற்றதாக அவர் மறையாமல் எழுதிவைத்தார். ஆள வந்த இனத்தாருள் ஒருவர் ஆளப்படுவாரிடம் கற்றேன் என்று ஒப்புதல் அந்நாளில் எளிதாகக் காணத்தக்கதன்று.

அவ்வாறு கற்றதைக் கொண்டு 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகளை எழுப்பத் தொடங்கினார். முக்கொம்பில் எழுந்தது மேலணை. அது நீரைக் காவிரியின்பால் திருப்பிற்று. அதற்கு நெடுந்தொலைவு கிழக்கே அணைக்கரையில் எழுந்தது கீழணை. அது கொள்ளிடத்தில் வீணாக ஓடும் நீரை மறித்து, வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கும், பிற கால்வாய்களுக்கும் ஊட்டிற்று. முதலில் ஒரு பிழையும் நேர்ந்தது. மேலணை தடுத்த நீர் அளவுக்கு மிஞ்சிக் காவிரியிற் பாய்ந்து அதன் படுகையை அரிக்கத் தொடங்கவே, சில ஆண்டுகளுக்குப்பின் அவ்வணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவேண்டியதாயிற்று. ஆற்றை அடக்கும் கலையை ஆறே ஆசானாய் நின்று கற்பிக்கும் போலும்.

இவ்வணைகள் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் காட்டன் செய்த மற்றொரு செயல் உண்டு. அது பலரும் மறந்தது. சென்னையில் சாலைகள் போடுதற்குக் கல் வேண்டியிருந்தது. செங்குன்றத்தில் செம்புரைக்கல் மிகுதியாகக் கிடைத்தது. மாட்டு வண்டிகளிற் கொணர்ந்தால் கூலி மிகும். ஆகவே, காட்டன் அங்கு இரும்புத் தண்டவாளம் இட்டு, அதன்மேல் கல்வண்டிகளை ஓட்டும் முறையை வகுத்தார். 1837இல் அப்பாதையில் வண்டிகள் ஓடின. பெரும்பாலும் விலங்குகளே அவற்றை இழுத்தன. நீராவிப்பொறி ஒன்றும் அதில் வைத்துப் பார்க்கப்பட்டது. இங்கிலாந்தில் ஸ்டாக்டன் நகருக்கும் டார்லிங்டன் நகருக்கும் இடையே புகழ்பெற்ற இருப்புப்பாதை திறக்கப்பெற்றது 1825இல் ஆகும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சென்னையில் தண்டவாளம் வந்துவிட்டது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853இல் ஓடிய வண்டியையே இந்நாட்டின் முதல் இரயில் என்று நாம் படித்து வருகிறோம். பயணிகளைக் கருதின் அது மெய். தண்டவாளத்தைக் கருதின், சென்னைக்கே அப்பெருமை உரியது. செங்குன்றப் பாதை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும், பிற்காலத்தில் இருப்புப்பாதையின் பகைவர் என்று பழிக்கப்பட்டவர்தாம் இந்நாட்டில் முதன்முதல் தண்டவாளம் இட்டவர் என்பதை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஓய்வின்றி உழைத்தமையாலும் வெப்பத்தாலும் காட்டனின் உடல் நலிந்தது. ஆஸ்திரேலியாவை அடுத்த டாஸ்மேனியாத் தீவிற்குச் சென்று சிலகாலம் தங்கி உடல் தேறினார். 1841இல் எலிசபெத்து லியர்மண்டு என்னும் நங்கையை மணந்தார். மீண்டு வந்தவருக்குக் கோதாவரி காத்திருந்தது.

கோதாவரியின் கழிமுகத்து நாடு அந்நாளில் இரங்கத்தக்க நிலையில் இருந்தது. ஆற்றில் நீர் பெருகினால் ஊர்களை அழித்தது. வற்றினால் வயல்களைக் காயவிட்டது. 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அப்பகுதியின் மக்கள் எண்ணிறந்தோர் மாண்டனர். கண்முன்னே பேராறு ஒன்று கடலில் கலக்க, அதன் கரையிலே மக்கள் பசியால் மடிதலினும் கொடிய காட்சி வேறு இல்லை. காட்டன் 1844இல் திட்டம் வகுத்துக் கும்பினியாருக்கு எழுதினார். 1847இல் தவளேசுவரத்தில் வேலை தொடங்கிற்று. அங்கு ஆற்றின் அகலம் ஏறத்தாழ நான்கு மைல். இடையிலுள்ள தீவுகளைப் பயன்படுத்தி அணையை நான்கு துண்டுகளாகக் கட்டினார். கல்லைக் கொணர்தற்கு அங்கும் அவர் இருப்புப்பாதை இட்டார். வீணம் வீரண்ணா என்னும் ஆந்திரர் அவருக்குத் துணைநின்று ஆயிரக்கணக்கான தொழிலாளரைத் திரட்டி நடத்தினார். 1852இல் அணை முடிந்தது. அதன் கால்வாய்கள் பாய்ச்சலுக்கு மட்டும் அமைந்தவையல்ல. நெல்லும் விறகும் ஏற்றிய படகுகள் அவற்றில் ஊர்தோறும் சென்றன. ஒரே நீர் பயிரையும் வளர்த்து, விளைந்த பயிரைச் சந்தைக்கும் சுமந்து சென்றது. காட்டன் பின்னாளிற் கொண்ட கொள்கைக்கு வித்து இக்காட்சியே.

இனி, இருப்புப்பாதைக் கம்பெனிகளின் கதைக்கு வருவோம். சென்னை இரயில்வே கம்பெனியார் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரையில் இட்ட பாதை 1856ஆம் ஆண்டு சூலை மாதம் முதல் நாள் திறக்கப்பெற்றது. தெற்கே, பெருந்தென்னிந்திய இரயில்வே கம்பெனியார் நாகப்பட்டினத்தினின்று தொடங்கி, 1862இல் திருச்சிராப்பள்ளியை எட்டினர். 1874இல் அக்கம்பெனியும் கருநாடக இரயில்வே கம்பெனியும் ஒன்றாயின. அவ்வாறு தோன்றியதே தென்னிந்திய இரயில்வே கம்பெனி. இக்கம்பெனிகள் இலண்டன் நகரிலே பங்குகளை விற்றுப் பொருள் திரட்டின. பங்கு வாங்கினார்க்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி கிடைக்கும் என்று அரசினர் பொறுப்பேற்றனர். வண்டி ஓடி ஊதியம் வந்தால் அதிலிருந்து வட்டி கொடுக்கப்படும். வாராவிடின், குறையும் தொகையை இந்நாட்டு வரிப்பணத்தினின்று கொடுத்தல் வேண்டும். ஆகவே, பாதை இடுவோர்க்குச் சிக்கனத்தில் நாட்டம் இல்லாது போயிற்று. ஊதியம் அவர்க்கு, இழப்பு உழவனுக்கு.

காட்டனின் வாதம் இவ்விடத்தே எழுந்தது. 1854 முதல் அவர் நூல்களும் அறிக்கைகளும் எழுதினார். விரைவு வேண்டுவோர் சிலர். மலிவு வேண்டுவோர் பலர் என்பது அவர் கணக்கு. நெல்லும் உப்பும் விறகும் ஒரு நாளிற் சென்றால் என்ன, ஒரு வாரத்திற் சென்றால் என்ன? கூலி குறைவாயிருத்தலே ஏழைக்கு வேண்டுவது. ஒரு மைல் இருப்புப்பாதைக்கு ஆகும் செலவில் பல மைல் கால்வாய் வெட்டலாம். அக்கால்வாய் வழியிலுள்ள வயல்களையும் நனைக்கும். தண்டவாளமோ ஒரு துளி நீரையும் சுமவாது. இருப்புப்பாதை கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதற்கு ஊற்றிய பொருளில் ஒரு பகுதியையேனும் நீருக்கு ஊற்றுங்கள் என்றே கேட்டார். கேட்டவர் சிலர், நகைத்தவர் பலர்.

இவ்வழக்கில் காட்டன் கூறியவை யாவும் பிழையற்றன என்று கொள்ளலாகாது. அவர் தூண்டுதலால் தோன்றிய சென்னைப் பாசன, கால்வாய்க் கம்பெனி துங்கபத்திரையின் குறுக்கே அணை கட்டிக் கர்நூலிலிருந்து கடப்பை வரையில் கால்வாய் வெட்டியது. அக்கம்பெனிக்கும் நூற்றுக்கு ஐந்து வட்டிப் பொறுப்பு இருந்தது. கால்வாய் செல்லும் நிலமோ கரிசல். மழைநீரையே நெடுநாள் தன்னகத்தே வைத்திருக்கும் அம்மண்ணில் சோளமும் பருத்தியும் விளைப்போர், தீர்வை கொடுத்துக் கால்வாய் நீர் வாங்க முன்வரவில்லை. செலவு ஏறிற்று, வரவு இல்லை. இறுதியில் 1882இல் அரசினரே அதனை விலைக்கு வாங்கினர். வண்டல் நிலத்தில் வென்ற முறை கரிசல் நிலத்தில் தோற்றது. தாம் பழித்த வட்டிப் பொறுப்பையே தம் கம்பெனியும் பெற்றதைக் காட்டன் எண்ணிப் பார்த்திருத்தல் வேண்டும்.

இந்நிலையில் 1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் வானம் இரங்கவில்லை. தாது வருடத்துப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லி நடுங்கிய கொடுமை அது. ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் இந்தியாவில் அப்பஞ்சத்திற்கு இரையாயினர் என்று மதிப்பிடுவர். சென்னைத் துறைமுகத்திற்கு வந்த அரிசி இருப்புப்பாதை வழியே உள்நாட்டிற்குச் சென்றது மெய். அவ்வண்டிகள் இல்லாதிருந்தால் மேலும் பலர் மடிந்திருப்பர் என்பதும் மெய். ஆனால் அரிசி வந்த ஊரிலும் அதனை வாங்கக் காசில்லாதவன் மடிந்தான். நிவாரண வேலைக்குச் சென்ற ஓர் ஆடவனுக்கு ஒருகாலத்தில் நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவுமே கூலியாக வரையறுக்கப்பட்டன. அவ்வாண்டுகளில் கோதாவரியின் கழிமுகமும் காவிரியின் கழிமுகமும் தம் மக்களைக் காத்ததோடு பிறர்க்கும் நெல் ஈந்தன.

காட்டன் அப்பொழுது வேலையினின்று ஓய்வு பெற்று இங்கிலாந்தில் இருந்தார். 1861இலேயே அவருக்குச் சர் பட்டம் அளிக்கப்பட்டிருந்தது. எழுபத்துநான்கு வயதைக் கடந்த அம்முதியவர் ஊர் ஊராய்ச் சென்று சொற்பொழிவாற்றினார். சென்னைப் பஞ்சம் பற்றி எழுதினார். நோயாளர் பணியாற் புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவர் பக்கம் நின்று பாசனத்திற்காக வாதாடினார். 1878இல் பாராளுமன்றத்தின் கீழவை ஒரு குழுவை அமைத்துக் காட்டனை வினவிற்று. அவர் கூறிய மதிப்பீடுகளையும் கணக்குகளையும் குழுவினர் குடைந்து குடைந்து கேட்டனர். அவர் கருத்தை அவர்கள் ஏற்கவில்லை. ஆயினும் 1880இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷனார், இருப்புப்பாதையும் வேண்டும், பாசனமும் வேண்டும் என்று எழுதினர். காட்டனின் வாதத்திற் பாதி அங்ஙனம் வேறொரு வாசல் வழியாக உள்ளே புகுந்தது.

பஞ்சம் தணிந்த அவ்வாண்டுகளில் புதுவையை நோக்கி இரண்டு வழிகள் வந்தன. ஒன்று வடக்கேயிருந்து வந்த நீர்வழி. கடற்கரையை அடுத்துச் சிறிது சிறிதாக வெட்டப்பட்டு வந்த கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் சென்னை நகரின் ஊடே வெட்டி இணைத்தனர். அக்காலத்து ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. அது தெற்கே மரக்காணம் வரையில் வந்து நின்றுவிட்டது. புதுவைக்கும் அதற்கும் இடையே ஒருநாள் நடைத்தொலைவே எஞ்சியது. மற்றொன்று மேற்கேயிருந்து வந்த இருப்புவழி. புதுவையில் 1866இலேயே இரும்புப் பாலத்துறை கடலுக்குள் நீண்டிருந்தது. தென்னார்க்காட்டில் விளைந்த நிலக்கடலை அவ்வழியே பிரெஞ்சு நாட்டு மார்சேல் துறைக்குச் சென்றது. சரக்கை விரைவில் துறைக்குக் கொணர வழி வேண்டுமென வணிகர் விரும்பினர். 1878இல் உடன்படிக்கை ஆயிற்று. புதுச்சேரி இரயில்வே கம்பெனி என்னும் பெயருடன் இலண்டனில் ஒரு கம்பெனி அமைந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அதற்குரிய பாதை ஏறத்தாழ எட்டு மைலே. எல்லைக்கு அப்பால் விழுப்புரம் வரையுள்ள பாதை தென்னிந்திய இரயில்வே கம்பெனிக்கு உரியது. இரண்டிலும் வண்டி ஓட்டியது தென்னிந்திய இரயில்வேயே. பாதை மீட்டர் அகலத்தது. நிலம் பிரெஞ்சுக்காரருடையது, கம்பெனி ஆங்கிலேயருடையது, மூட்டை தமிழருடையது. எல்லையில் சுங்கம் கேட்கும் அதிகாரிகளும் உடன் தோன்றினர். அம்மீட்டர் பாதை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப்பாதையாயிற்று. நின்றுபோன நீர்வழியும் அடியோடு மறக்கப்படவில்லை: காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையுள்ள கால்வாய்த் தொடர் 2008இல் நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது.

காட்டனின் இறுதி ஆண்டுகள் இங்கிலாந்தில் டார்க்கிங் என்னும் ஊரிற் கழிந்தன. முதுமையிலும் அவர் வாளா இருந்தாரல்லர். தம் தோட்டத்தில் மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை விதைத்து, சிறு நிலத்தில் மிகுதி விளைப்பது எங்ஙனம் என்று ஆராய்ந்து வந்தார். 1899ஆம் ஆண்டு சூலை மாதம் 24ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில், உயிர் நீத்தார். கோதாவரிக் கரையில் அவர் கட்டிய அணைக்கு மாற்றாக எழுந்த புதிய அணை அவர் பெயராலேயே வழங்குகின்றது. முக்கொம்பில் அவர் வகுத்த மேலணை, நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நீர் தாங்கி நின்று, 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் ஒன்பது மதகுகளை இழந்தது. அதனருகே புதிய அணை கட்டப்பெற்றது.

அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டாகிய 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. புதுவையைப்போலவே காரைக்காலும் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்; காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலோடு கலக்குமிடம். முக்கொம்பில் திருப்பிவிடப்பட்ட நீர் பாய்ந்த வயல்களின் நடுவே அந்தப் பாதை சென்றது. வண்டியின் இருபுறமும் நெற்கதிர்கள் தலைசாய்த்து நின்றன.